சத்தியத்தைத் திருப்பிக் கேட்ட பெண்

போன வாரம் உங்கள் கவுன்சலிங் அறைக்கு வந்திருந்தபோது மேஜை மேல் ஒரு கட்டுக் காகிதம் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் 'உறுதிமொழி' என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டு வைத்திருந்தீர்கள். 'என்னை நானே காயப்படுத்திக்கொள்ள மாட்டேன், தவறான முடிவுக்குப் போக மாட்டேன் என்று உறுதி அளிக்கிறேன்.' பிள்ளையின் பெயர், வயது, கையெழுத்து. பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். புதிதாகச் சேர்ந்த பெண், நல்ல பெண், "கையெழுத்து போட்டுட்டா பசங்களுக்கு ஒரு கமிட்மெண்ட் வரும் மேடம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

வைத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். மேடத்துக்கு வயசாகிவிட்டது, கோபம் வருகிறது என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். வயசும் ஆகிவிட்டது, கோபமும் வருகிறது. ஆனால் அந்தக் கோபம் அந்தப் பெண்மேல் இல்லை. நீங்கள் காகிதத்தில் வாங்குவதை நான் காகிதமே இல்லாமல் வாங்கிக்கொண்டிருந்தேன். அதனால் நடந்ததைச் சொல்லாமல் உங்களைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. ஆகவே முதலில் சொல்கிறேன். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

நான் நர்ஸ் படிப்புப் படித்தவள் இல்லை. பத்தாவது வரைதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், எட்டே கட்டில் போட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உதவியாளாகச் சேர்ந்தேன். வெள்ளைப் புடவை கட்டியவள் எல்லாம் சிஸ்டர் என்பது அங்கே வழக்கம். நானும் சிஸ்டர் ஆனேன். ஊசி போடக் கற்றது டாக்டரிடம். கட்டுப் போடக் கற்றது கம்பவுண்டரிடம். மனுஷரைக் கற்றது வாசலில் காத்துக்கிடந்த சனங்களிடம். அவர்கள் வாயிலிருந்து விழுகிற பழமொழியை ஒன்று விடாமல் முடிந்து வைத்துக்கொள்வேன். அது ஒன்றுதான் நான் படித்த படிப்பு.

அந்த ஆஸ்பத்திரியில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சாக முயன்று பிழைத்த பிள்ளையைக் கொண்டுவந்தால், சீட்டில் 'வயிற்று வலி' என்று எழுத வேண்டும். அந்தக் காலத்தில் சாக முயற்சி செய்வதே குற்றம். போலீஸ் வரும், கேஸ் எழுதும். பெண் பிள்ளையாக இருந்தால் ஊர் வாயில் அரைபட்டுச் சாகும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்களே, அந்த வாய்க்கு நாங்கள் போட்ட மூடிதான் வயிற்று வலி. டாக்டர் சொல்வார், நான் எழுதுவேன், பெற்றவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். எல்லோருக்கும் புண்ணியம் செய்த நிம்மதி.

நான் சொல்கிற வருடம் 1991. அந்த மே மாதம் எங்கள் ஊரில் குண்டு வெடித்ததைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு பல மாதம் காக்கிச் சட்டையைக் கண்டாலே சனங்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளியூர் உறவுக்காரன் வந்து தங்கினால்கூட விசாரணை. அப்படிப்பட்ட நேரத்தில், ஐப்பசி மழை பிடித்த ஒரு வியாழக்கிழமை, பால் டெம்போவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வடக்குப்பட்டுப் பெண். பத்தாவது படிக்கிறாள். பெயர் வசந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் என்ன செய்துகொண்டாள் என்று சொல்ல மாட்டேன். கேட்கவும் கேட்காதீர்கள். எப்படிச் செய்தாள் என்பதை ஊர் முழுக்கப் பேசும். ஏன் செய்தாள் என்பதை ஒருத்தரும் பேச மாட்டார்கள். நாமும் அந்த ஊரோடு சேர்ந்துகொள்ளக் கூடாது. டாக்டர் நல்ல கைராசிக்காரர். சாயங்காலத்துக்குள் அவள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

அவள் அப்பா டாக்டரின் காலில் விழப் போனார். "சார், போலீசு கீலீசுன்னு ஆச்சுன்னா எங்க குடும்பமே நாறிப்புடும் சார்."

"போலீஸ் எல்லாம் எதுக்குய்யா? வயித்து வலிக்கு எவன் போலீஸ்ல சொல்றான்?" என்றார் டாக்டர். என் பக்கம் திரும்பி, "எழுதிடு" என்றார். எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

யாராவது அவளைக் கேட்டோமா? ஒரு கேள்வி? இல்லை. "லவ் மேட்டரா இருக்கும்" என்றார் கம்பவுண்டர். "பயமுறுத்தத்தான் பண்ணுவாங்க, காரியம் ஆகணும்னு" என்றார் டாக்டர். கட்டிலில் படுத்திருக்கிற பெண்ணின் காதில் விழும்படிதான் இவ்வளவும். நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

இனிதான் என் கைங்கரியம்.

எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெயர் இருந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் அண்ணன் வைத்த பெயர்: 'சத்திய சிஸ்டர்'. இப்படிப்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது நான் ஒரு சத்தியம் வாங்குவேன். அம்மாவைக் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் உச்சந்தலையில் பிள்ளையின் கையை வைத்துச் சொல்லச் சொல்வேன். சாமி படத்தின் மேல் வாங்கினால் பிள்ளைகள் மீறுவார்கள், அம்மா தலைமேல் வாங்கினால் மீற மாட்டார்கள் என்பது நானே கண்டுபிடித்த வைத்தியம். மீறினால் அம்மாவுக்கு ஆகாது இல்லையா? வசந்திக்கு முன்னால் ஏழு பிள்ளைகளிடம் வாங்கியிருந்தேன். ஏழில் ஒன்றுகூட ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரவில்லை. "சிஸ்டர் சத்தியம் வாங்கினா அந்தப் புள்ள மறுபடி இந்தப் படி ஏறாது" என்று சனங்களே சொல்வார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த 'திரும்பி வரவில்லை' என்ற வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை வசந்தி கிளம்பினாள். அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். நடவுக்குப் போகிற பெண். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். நான் வசந்தியின் கையை எடுத்து அந்தத் தலைமேல் வைத்தேன்.

"சொல்லு. இனிமே இந்த மாதிரி செய்ய மாட்டேன்."

"செய்ய மாட்டேன்."

"செய்யணும்னு நினைக்கக்கூட மாட்டேன்."

கொஞ்சம் தயங்கினாள். நான் அவள் கையை அழுத்தினேன். "நினைக்கக்கூட மாட்டேன்" என்றாள்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ தெய்வம் சிஸ்டர்" என்றாள். நானும் அதை நம்பினேன்.

அடுத்த புதன்கிழமை மத்தியானம். பட்டறை ஒன்றில் பிரஸ்ஸில் விரல் மாட்டிய ஆளைக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். தரையெல்லாம் ரத்தம். நான் பஞ்சும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தேன். வசந்தி கதவோரம் வந்து நின்றாள். பள்ளிக்கூடத் தாவணி, எண்ணெய் வைத்துப் பின்னிய தலை. தனியாக வந்திருந்தாள்.

"இன்னா வசந்தி, மாத்திரை தீந்துபோச்சா?"

"இல்லக்கா. அந்தச் சீட்டு கீதில்ல, அதுல வேற எதுனா மாத்தி எழுதித் தருவீங்களா?"

"ஏன், சீட்டுக்கு இன்னா?"

"எச்.எம். சாரு, வயித்து வலி சரியாப் பூடுச்சில்ல, நாளைக்குப் பிரேயர்ல வந்து நில்லுன்றாரு."

"சரியாப் போச்சுன்னா போய் நிக்க வேண்டியதுதானே? இரு, நான் கை வேலையா கீறேன்." காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அந்த ஆளின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பத்து நிமிடம் அவள் அங்கேயே நின்றாள். நான் தாண்டிப் போகும்போது மெதுவாகக் கேட்டாள்:

"அக்கா, பண்ண சத்தியத்தைத் திருப்பிக்க முடியுமா?"

நான் சிரித்தேன். "சத்தியம் இன்னா ஜவுளிக்கடைப் பாவாடையா, அளவு சரியில்லன்னு திருப்பிக் குடுக்க?"

விரல் மாட்டிய ஆள்கூட வலியோடு சிரித்தான். வசந்தியும் சிரித்தாள். "சரிக்கா, வரேன்" என்றாள். போய்விட்டாள்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்துவிட்டேன். நான் செய்த தப்புகளை வரிசையாக நிற்கவைத்தால் இந்த வாசல் நிறையும். அந்த ஒரு சிரிப்புக்கு ஈடாக வேறு ஒன்றும் நிற்காது. ஒரு குழந்தை கதவைத் தட்டியது, நான் உள்ளே இருந்துகொண்டே ஜோக் சொன்னேன்.

கட்டுப் போட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். வாட்ச்மேன் அண்ணன் உள்ளே வந்தார். கேட்டை விட்டு நகர்ந்தால் டாக்டர் கத்துவார் என்று, பீடி பிடிக்கக்கூட நகராத மனுஷன் அவர்.

"சத்திய சிஸ்டர், அந்த வடக்குப்பட்டுப் பொண்ணு எதிர்ல ஸ்டாப்பிங்லயே குந்தினுகீது."

"பஸ் வரலையாண்ணே?"

"பஸ்ஸு வராமயா? ஒரகடம் போறது மூணு பூடுச்சு. மூணுலயும் ஏறல. மொத பஸ்ஸுக்கு எழுந்தா, உக்காந்தா. ரெண்டாவதுக்கு எழுந்துக்கவே இல்ல. மூணாவது பஸ்ஸ திரும்பிக்கூட பாக்கல. எனக்கு நல்லாப் படல."

"அழுவுறாளா?"

"அழுதா நான் ஏன் உன்னாண்ட வரேன்? அழுவுற புள்ளைய ஆண்டவன் பாத்துப்பான் சிஸ்டர். அழுவாத புள்ளையத்தான் நாம பாக்கணும்."

அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. நான் படித்த பாடங்களிலேயே பெரிய பாடத்தை எடுத்தவர் அவர்தான். பெரிய பட்டமெல்லாம் வாங்கிய டாக்டர் அவள் கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். இவர் ரோட்டைத் தாண்டி அவளைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சத்தியத்தைத் திருப்பிக்க முடியுமா. அதை யார் கேட்பார்கள்? மீறப் போகிறவள் கேட்பாள். மீறினால் அம்மா சாவாளே என்று பயப்படுகிறவள் கேட்பாள்.

ஈரக் கையோடு ரோட்டைத் தாண்டி ஓடினேன். செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டுப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் காலைப் பார்த்து, "செருப்பு விட்டுட்டீங்க அக்கா" என்றாள். அந்த நிலைமையிலும் என் செருப்பைப் பற்றிக் கவலை.

என்ன பேசுவது? யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கும் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அது பொய். அவள் ஏற்கெனவே அங்கேதான் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நாம் கேட்பது, அந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்காருவது மாதிரி. இதெல்லாம் பிற்பாடு புரிந்தது. அன்றைக்கு வேறு ஒன்றும் தோன்றாமல்தான் கேட்டேன்.

"வசந்தி, செத்துப்போலாம்னு தோணுதா?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல் நடுவே சொன்னாள்: "அதச் சொன்னா எங்கம்மா செத்துடும்கா. நினைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

பாருங்கள். நாலு நாள் அந்த எண்ணம் வந்து வந்து அவளைப் பிடுங்கியிருக்கிறது. ஒவ்வொரு தடவை வரும்போதும், அம்மாவை நானே கொன்றுகொண்டிருக்கிறேன் என்றும் சேர்த்து நினைத்திருக்கிறாள். யாரிடமும் வாய் திறக்க முடியாது. வாய் திறந்தால் சத்தியம் உடையும். எரிகிற வீட்டுக்கு வெளியே பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டவள் நான். தெய்வம் சிஸ்டர்!

"அந்தச் சத்தியம் செல்லாது" என்றேன்.

"எப்படிச் செல்லாது?" நம்பவில்லை அவள். வாயால் சொன்னால் எப்படி நம்புவாள்? கையால் கட்டியதைக் கையால்தான் அவிழ்க்க வேண்டும். அவள் வலது கையை எடுத்தேன். என் உச்சந்தலையில் வைத்துக்கொண்டேன்.

"வாங்குனது நான். உங்கம்மா தலையில இருந்து எடுத்து இப்ப என் தலையில வச்சுக்கினேன். ஆவுறது எதுவா இருந்தாலும் எனக்கு ஆவட்டும். உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. இப்பச் சொல்லு."

நாலாவது பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதிப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள்.

போன வாரம் புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் பையைச் சோதித்தார்கள். அவள் நோட்டுக்குள் ஒரு கடிதம் இருந்தது. ஒரு பையனுக்கு எழுதியது. அது அவள் எழுதியதில்லை. சிநேகிதி ஒருத்தி மறைத்து வைக்கக் கொடுத்தது. தலைமையாசிரியர் அந்தக் கடிதத்தைப் பிரேயரில், முந்நூறு பிள்ளைகள் முன்னால், மைக்கில் படித்தார். குரலை மாற்றி, ராகம் போட்டுப் படித்தார். வசந்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. சிநேகிதி மூன்றாவது வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தி காட்டிக்கொடுக்கவில்லை. மறுநாள்தான் அவளை எங்களிடம் பால் டெம்போவில் கொண்டுவந்தது.

திங்கட்கிழமை அம்மா சீட்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். தலைமையாசிரியர் பார்த்தார்: வயிற்று வலி. "அதான் சரியாப் போச்சே. வியாழக்கிழமை பிரேயர்ல எல்லார் முன்னாலயும் மைக்ல மன்னிப்புக் கேட்டுட்டுக் கிளாசுக்குப் போகட்டும்" என்றார். இவ்வளவோடு விட்டாரே என்று அம்மா கும்பிட்டுவிட்டு வந்தாள்.

நாளைக்கு அந்த வியாழக்கிழமை.

புரிகிறதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். மறைத்த சோற்றை அவளுக்கே ஊட்டினோம். நாங்கள் உண்மையை எழுதியிருந்தால், அந்த ஆள் கல்நெஞ்சக்காரனாகவே இருந்தாலும், மறுபடி மைக்கைக் கையில் எடுக்க ஒரு நிமிடம் யோசித்திருப்பான். சீட்டு அவளை ஊரிடமிருந்து காப்பாற்றியது. அவளை மேடையில் ஏற்றியவனுக்குத் தைரியம் கொடுத்தது. சத்தியம் மிச்சமிருந்த வாயையும் அடைத்தது. இரண்டையும் செய்தது என் கை.

அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். வாட்ச்மேன் அண்ணன் அடுத்த பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டரிடம் சேதி சொன்னார். வடக்குப்பட்டுக் கூட்டு ரோட்டு டீக்கடையில் சொன்னால் போதும், அம்மாவுக்குப் போய்விடும். அன்றைக்கு எங்களுக்கு அதுதான் போன்.

டாக்டர் குதித்தார். "வயித்து வலின்னு எழுதி டிஸ்சார்ஜ் பண்ணியாச்சு. இப்ப மறுபடி கட்டில் குடுத்தா என்னன்னு எழுதறது? நான் மாட்டிக்கணுமா? அவ பயமுறுத்தறாம்மா. உனக்குப் புரியல."

"பயமுறுத்துறவ சத்தமாச் சொல்லுவா டாக்டர். இவ வாயைப் பொத்திக்கினு சொல்றா. கட்டில் வேணாம். என் ஸ்டூல் போதும். என் பக்கத்துல உக்காந்திருப்பா."

"வேலை போயிடும் உனக்கு."

"போவட்டும் டாக்டர். நாளைக்கு இவள இங்க மறுபடி தூக்கினு வந்தா, அப்ப நான் இன்னா எழுதணும்? தலைவலியா?"

அவரிடம் அப்படி நான் பேசியதே இல்லை. முறைத்தார். பிறகு, "ராத்திரி அவங்க அம்மா கூட அனுப்பிடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். கெட்டவர் இல்லை. பயந்தவர். நம் வேலையில் கெட்டவர்களால் வந்த கேட்டைவிடப் பயந்தவர்களால் வந்த கேடு அதிகம்.

அஞ்சு மணி பஸ்ஸில் அம்மா வந்தாள். காலில் வயல் சேறு காயவில்லை. வந்த வேகத்தில் கையை ஓங்கினாள். "என் தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணிட்டு, இன்னாடி மறுபடி? நான் பூட்டா உனுக்குத் திருப்தியா?"

நான் குறுக்கே போனேன். அடி என் தோளில் விழுந்தது. "அந்தச் சத்தியம் இப்ப உன் தலையில இல்ல, என் தலையில கீது. அடிக்கணும்னா என்னை அடி" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உட்காரவைத்தேன். வசந்தியைப் பார்த்துக் கேட்டேன்: "அம்மாகிட்ட எத நான் சொல்லட்டும், எத நீ சொல்ற, எத யாரும் சொல்ல வேணாம்?"

இந்தக் கேள்வியையும் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மைக்கில் அவள் வாழ்க்கையை ஒருத்தன் படித்துவிட்ட பிறகு, இன்னொருத்தி அவளைக் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"லெட்டர் யாருதுன்னு மட்டும் கேக்காதீங்க. மீதி நானே சொல்றேன்" என்றாள் வசந்தி.

சொன்னாள். அம்மா கேட்கக் கேட்கச் சுருங்கிப்போனாள். கடைசியில், "அந்தாளு சொன்னதும் நானும் சரின்னு கும்பிட்டு வந்தேனேடி" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

வசந்தி ஒன்று செய்தாள். தன் தலையைக் குனிந்து அம்மா பக்கம் நீட்டினாள். "நீ பண்ணும்மா" என்றாள்.

"இன்னாடி?"

"சத்தியம். எனக்கு அந்த மாதிரி தோணுதுன்னு நான் வந்து சொன்னா, அடிக்காம கேப்பேன்னு."

அம்மா என்னைப் பார்த்தாள். சேற்றுப்புண் விரலோடு அந்தக் கை போய் மகளின் தலைமேல் உட்கார்ந்தது. "கேக்கறேன்டி. சொல்லு. எப்ப வேணா சொல்லு. கேக்கறேன்."

வீட்டில் ஆபத்தான எல்லாவற்றையும் அவள் கைக்கு எட்டாமல் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும், அம்மா ஒட்டிப் படுத்துக்கொள்ள வேண்டும், பொழுது விடிந்ததும் நானே வருவேன் என்று சொல்லி அனுப்பினேன்.

காலையில் வசந்தியை அழைத்துக்கொண்டு நானும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனோம். பிரேயர் மணி இன்னும் அடிக்கவில்லை. தலைமையாசிரியர் சீட்டை எடுத்து மேஜையில் போட்டார். "வயித்து வலின்னுதானேம்மா எழுதியிருக்கீங்க? இதுக்கெல்லாம் டிசிப்ளினை விட முடியுமா?"

"அது பொய் சார். எழுதினது நான். என் கையெழுத்துதான்."

அவர் முகம் மாறியது. புரிந்துகொண்டார். முதலில் பயந்தார், பிறகு அந்தப் பயத்தை என்மேல் கோபமாகத் திருப்பினார். "தெரியுமா உனக்கு, இதை மறைச்சதுக்கு உன்னைப் போலீஸ்ல சொல்லலாம்!"

அந்த வருடம் அந்த வார்த்தைக்குக் கலங்காதவர் எங்கள் ஊரில் இல்லை. "சொல்லுங்க சார். நானும் கூட வரேன். மைக்ல நீங்க லெட்டர் படிச்சதையும் சேத்துச் சொல்லிடலாம். ராகத்தோட படிச்சீங்களாமே, அதையும்."

அன்றைக்குப் பிரேயரில் மன்னிப்பு இல்லை. அடுத்த வாரமும் இல்லை. அவர் வசந்தியிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தாரா? இல்லை. பிற்பாடு மாலை, சால்வை எல்லாம் வாங்கிக்கொண்டுதான் ஓய்வு பெற்றார். எல்லாக் கணக்கும் இந்தப் பூமியிலேயே தீராது. தீரும் என்று நம்பி இந்த வேலைக்கு வராதீர்கள்.

இப்போது அந்த ஏழு பிள்ளைகள். வசந்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பும்போதே என் நெஞ்சில் அந்த ஏழும் வந்து உட்கார்ந்துவிட்டது. திரும்பி வரவில்லை, திரும்பி வரவில்லை என்று பீற்றிக்கொண்டேனே, ஏன் வரவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தேனா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகத் தேடிப் போனேன். ஐந்து பேரைப் பார்த்தேன். ஐந்து பேரிடமும் சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். ஒருத்தி குன்றத்தூர் பக்கம் சித்தி வீட்டில் இருந்தாள். நான் எடுத்துக்கொண்டதும், "அப்பா, எவ்ளோ பாரமா கெடந்துச்சு தெரியுமா சிஸ்டர்" என்றாள். ஒரு குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது, எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏழாவது வீட்டில் அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு, திட்டாமல், கேட்பது மாதிரி சொன்னாள்: "சத்தியம் பண்ணாளே சிஸ்டர்."

அவ்வளவுதான்.

அதனால்தான் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். உங்கள் உறுதிமொழியைக் கையெழுத்துப் போடுகிற பிள்ளை படித்துப் பார்க்கும். மறுபடி அந்த எண்ணம் வந்தால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள், ஏமாந்துபோவீர்கள், அம்மா கையெழுத்தும் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். நல்ல பிள்ளையாக உங்களிடம் சிரிக்கும். வெளியே போய் பஸ்ஸுக்கு நிற்கும். ஏறாது. உங்கள் ஃபைலில் மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். அந்தக் காகிதம் பிள்ளைக்காக இல்லை. 'நான்தான் வாங்கினேனே' என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள உங்களுக்காக. நான் என் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன், உங்களைச் சொல்ல மாட்டேனா?

யாராவது உறுதி கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் நீங்கள் கொடுங்கள். சொன்னால் கேட்பேன், அலற மாட்டேன், கூட இருப்பேன், உன்னைக் காப்பாற்ற யாரிடம் சொல்ல வேண்டியிருந்தாலும் முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுச் சொல்வேன் என்று. கையெழுத்தும் நீங்களே போடுங்கள். மேஜை மேல் இருந்த அந்தக் காகிதக் கட்டை நான் எழுந்து வரும்போது பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தேடாதீர்கள். அடுப்பில் போய்விட்டது.

வசந்தியைப் புதன்கிழமை தோறும் வரச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் சத்திய சிஸ்டர் என்ற பெயர் மறைந்துபோயிற்று. சத்தியம் வாங்குவதை நான் விட்டுவிட்டேன் என்று வாட்ச்மேன் அண்ணனுக்குத் தெரியும். முதல் புதன் வந்தாள், ஒன்றுமில்லை என்றாள். இரண்டாவது புதன் கணக்குப் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். மூன்றாவது புதன் ஆஸ்பத்திரி நிறைய ஆள். கதவோரம் வந்து நின்றாள், முன்பு நின்ற அதே இடத்தில்.

"அக்கா, நேத்து மறுபடி வந்துச்சு. அம்மாகிட்ட சொன்னேன். கேட்டுச்சு. உங்ககிட்டயும் சொல்லச் சொல்லுச்சு."

திரும்பி வந்துவிட்டாள். என் ஏழு பிள்ளைகள் செய்யாததைச் செய்தாள்.

ஒரு ஆளுக்கு ஊசி போட மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளினேன்.

"உக்காரு" என்றேன்.